சந்தனத்துக்கு வாங்கிய கேபிள்

கிள்ளான் ஸ்டேஷனில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் ரயிலுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ரோட் பைக்கோடு ஓர் இளம்பெண். இன்னொரு சைக்கிள்காரர் குனிந்து அவளுடைய கியர் கேபிளைப் பார்த்தார்.

"மழைக்காகவா தங்கச்சி இவ்ளோ நல்ல கேபிள்?"

"மழைக்கு இல்லண்ணே, எங்கம்மாவோட சந்தனத்துக்கு."

அதற்கப்புறம் ரயில் வருகிறதா என்று நான் பார்க்கவே இல்லை.

"ஆயுத பூசைக்கு பிரேக், கியர் ஒண்ணு விடாம பூசுவாங்க. போன வருஷம் சந்தனம் கேபிள் உறைக்குள்ள இறங்கிக் காய்ஞ்சுபோச்சு. கேரி தீவு வரைக்கும் சைக்கிள்ல போனா கியரே மாறல."

"வேணாம்னு சொல்லலாமே?"

"ஏன் சொல்லணும்? துருப்பிடிக்காத ஸ்டீல் கேபிளா தேடி வாங்கினேன். உறையோட ரெண்டு முனையிலயும் ரப்பர் மூடி. நானே மாட்டினேன். தண்ணியும் போகாது, சந்தனமும் போகாது. இந்த வருஷம் இன்னும் அதிகமாவே பூசினாங்க!"

அவர் சைக்கிள் சீட்டைத் தூக்கிப் பிடிக்க, அவள் பெடலைச் சுற்றிக்கொண்டே கியரை மாற்றிக் காட்டினாள். டக் டக்கென்று விழுந்தது.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சந்தனம் வெச்சதாலதான் கியர் இவ்ளோ நல்லா விழுதாம். பூச்சோங்ல இருக்கிற சித்தி வரைக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. சொல்லட்டும் லா!"