பத்தொன்பது வரிசைச் செதில்

— இருபத்தேழு மணித்தியாலம் முடிஞ்சிட்டு மச்சான். கைய ஒருக்காக் காட்டுங்க.

— பாம்பு கடிச்சதுக்கு மணிக்கூடு பாத்துக்கொண்டு நிக்கிற ஆள் நீ ஒருத்திதான் மச்சி. போ, போய் உன்ட ராத்தாட்ட ஒரு பிளேன்டீ வாங்கிட்டு வா.

— விரல்ல இன்னும் ரெத்தம் கசியுது.

— கசியும்தான். விட்டுதா அது? கிணத்தடியில வாலப் புடிச்சித் தூக்கினன். சுண்டுவிரலக் கவ்விச் சப்பிக்கொண்டே கிடந்திச்சி. கழட்ட ஒரு நிமிசம் போச்சி.

— ஒரு நிமிசமா? நேத்து அதச் சொல்லல்லியே!

— நீதானே புள்ள சொன்ன, தண்ணிப் பாம்பு, வெசமில்ல எண்டு? தோணித்துறை முழுக்கச் சொல்லி வச்சிருக்கன், எங்கட சுஹைரா பாம்புக்குப் படிச்ச பட்டதாரி எண்டு.

— காலையில பல்லு விளக்கக்குள்ள ரெத்தம் வந்ததா?

— வந்திச்சி. புது பிரஷ், அதான்.

— ஒண்டுக்குப் போகக்குள்ள?

— ஹுஸ்னியா! உன்ட தங்கச்சி என்னத்தக் கேக்கிறா எண்டு வந்து பாரு!

— கேக்கிறதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லுங்களன். சுஹைரா, இவர்ர தலகணி உறையில ரெத்தப் பொட்டுக் கிடந்திச்சிடி. நுளம்பு நசுக்கின எண்டு நெனச்சிட்டன்.

— மச்சான், ஒண்டுக்குப் போனது என்ன நிறம்?

— கோலா மாதிரி.

— யா அல்லாஹ்! பொண்டாட்டி எனக்கும் சொல்லல்லியே நீங்க!

— ராத்தா, ஆட்டோக்குப் போன் அடிங்க. இப்பவே.

— அடிக்கிறன். நேத்து ஒண்டுமில்ல எண்ட. இண்டைக்கு என்னடி?

— நேத்துச் செதில எண்ணினன் ராத்தா. நடு உடம்பில பத்தொன்பது வரிசை. தண்ணிப் பாம்புக்கும் பத்தொன்பதுதான். அதோட விட்டிட்டன். இண்டைக்குத்தான் மச்சான் அடிச்ச பாம்புட வாயத் திறந்து பாத்தன். மேல்தாடையில, ஆகக் கடைசியில, ரெண்டு பெரிய பல்லு.

— அப்ப அது என்ன பாம்பு?

— அதுவும் ஓடைப் பாம்புதான். முந்தி அதத் தனிப் பேரினமா வச்சிருந்தாங்க, வெசத்தப் பத்திப் பெரிசா ஒருத்தரும் பயப்படல்ல. பொறகு மரபணுவப் பாத்து வேற பேரினத்தில சேத்தாங்க, வெசமுள்ளதுகளோட. சும்மா கொத்தினா ஒண்டுமில்ல. சப்பினாத்தான். பொறகு ரெத்தம் உறையாது. அது உடன காட்டாது, ஒரு நாள் செல்லும்.

— அதான் மணிக்கூடு பாத்த நீ.

— ஓம் மச்சான்.

— ரெண்டு பேரும் மையத்து வீடு மாதிரிக் கதைக்காதீங்க. ஆஸ்பத்திரியில விரியன் எண்டு சொல்லுவம். பக்கத்து வீட்டு பஹ்மி நானாக்கு விரியன் கடிச்சி, பத்துப் போத்தல் மருந்து ஏத்தி எழும்பி வந்தாரா இல்லியா?

— விரியன் எண்டு சொல்லாதீங்க ராத்தா! அந்த மருந்து இதுக்குக் கேக்காது. வீணா ஏத்தினா மருந்தே ஆள விழுத்தும்.

— தண்ணிப் பாம்பெண்டு சொன்னா ஊசியப் போட்டு அனுப்பிருவாங்களே!

— சரியான பேரச் சொன்னாத்தான் ரெத்தத்தச் சோதிச்சி, தேவையானத ஏத்துவாங்க.

— அப்ப பாம்பக் கொண்டு போய்க் காட்டு. டொக்டருக்குத் தெரியும்தானே?

— இங்க ஒருத்தரும் அதக் கண்டிருக்க மாட்டாங்க.

— அது மெய்தான் மச்சி. முப்பத்தாறு வருசமா இந்தக் கிணத்தடியில குளிக்கிறன். முதுகில மஞ்சப் பொட்டு வச்ச பாம்ப நானும் கண்டதில்ல.

— இஞ்ச பாரு சுஹைரா. ஏன் அழுற? எங்கேருந்து வந்திச்சி அது?

— ஆட்டோ வந்திட்டுதா?

— கதைய மாத்தாத! அந்தாளுட மூக்கால ரெத்தம் வடியுது, பாரு!

— டொக்டரிட்டயும் நானே சொல்லுறன் ராத்தா. அது இங்கத்தயப் பாம்பில்ல, என்ட பெட்டியால தப்பினது. போன கிழமை மலைக்காட்டு ஓடையில பெர்மிட் இல்லாமப் புடிச்சி, சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள போட்டு, நான்தான் இந்த வீட்டுக்குக் கொண்டு வந்தனான்.