மேட்டின் அடியில் ஒரு குரோன்

காபி ஆறிவிடக் கூடாதே என்றுதான் பார்லி வயலின் குறுக்கே ஓடினேன். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் ஏலக்காய் பன் பொட்டலம். அறுபத்தெட்டு வயதுக்கு அந்த ஓட்டம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மேட்டின் வடகிழக்குச் சரிவில் ரிக்கே ஏற்கெனவே மண்டியிட்டு, கரணையால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா வாங்க கெர்டா. பன் எங்கயும் ஓடிடாது."

"பன் ஓடாது, காபி ஆறிடும். முதல்ல எழுந்து வா. குடிச்சுட்டுத் தோண்டலாம்."

"இன்னும் ஒரு கை மண்ணுதான்."

அருங்காட்சியகத்துப் பெண், நல்ல சுறுசுறுப்பு. எங்கள் யூட்லாந்தில், பாதுகாக்கப்பட்ட புதைமேட்டில் யாரும் மண்வெட்டி வைக்க முடியாது. டிராக்டர்கூட இரண்டு மீட்டர் தள்ளித்தான் போக வேண்டும். சட்டம் தெரியாதது நாய் அளவே உள்ள வளைக்கரடிக்கு மட்டும்தான். அது வளை தோண்டியதில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. சேதத்தைப் பார்க்க ரிக்கே வந்தாள்.

அந்த ஒரு கை மண்ணுக்குப் பிறகு அவள் எழுந்தாள். காபியைத் தொடவில்லை. இரண்டு பன்னையும் நானே சாப்பிட்டேன். வீணாக்குவானேன்?

சரி, இன்ஸ்பெக்டர், முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அந்த மேட்டைக் கண்டுபிடித்தவள் நான். அந்த இடத்துப் பார்லி மட்டும் ஒரு வாரம் முன்னதாகவே முற்றிவிடும். அடியில் ஏதோ இருக்கிறது என்று பதினோரு வருடம் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினேன். கடைசியில் பதிவு செய்ய ஒப்புக்கொண்டார்கள். எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் அன்று எனக்குக் கேக் வெட்டினார்கள். தலைவர் தோர்கில்தான் வெட்டினான். ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியன், தனிக்கட்டை, வாய் ஓயாதவன். எனக்கு அவனைப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

எட்டு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வானம்பாடிகள் கத்திக்கொண்டிருந்தன. யாரிடமும் சொல்லாமல் தோர்கில் மேட்டில் நெஞ்சளவுக் குழி தோண்டியிருந்தான். என்னைப் பார்த்ததும் உள்ளிருந்தே கை ஆட்டினான்.

"வா வா கெர்டா! உன் வெண்கலக் கால ராஜாவைக் கண்டுபிடிச்சுட்டேன். மனுஷன் சோடா குடிச்சிருக்காரு!"

அவன் கையில் உடைந்த பாட்டில். தொழிற்சாலை முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

"அடி மண்ணுல கிடந்துச்சும்மா. இது கல்லறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க தாத்தா காலத்துல வயலுக்கு உரமாப் போடச் சுண்ணாம்புக் களி எடுத்தப்ப கொட்டின குப்பை."

"அதை அங்கேயே போட்டுடு தோர்கில்."

"போடறதா? வெள்ளிக்கிழமை கூட்டத்துல மேஜை நடுவுல வைக்கப் போறேன். பதினோரு வருஷம் குப்பைக்குக் காதல் கடிதம் எழுதினவ நீ ஒருத்திதான்! இந்தா, மண்வெட்டியைப் பிடி. ஏறி வரணும்."

பிடித்தேன். ஒரே அடி, அதுவும் மண்வெட்டியின் பின்பக்கத்தால். சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். துளியும் கஷ்டப்படவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு எல்லாம் முறைப்படி. தோண்டிய குழியை மூடுமுன் அடியில் அந்த வருடத்து நாணயம் ஒன்றைப் போட வேண்டும். பின்னால் தோண்டுகிறவர்கள், நமக்கு முன்பே இங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று ஏமாறாமல் தெரிந்துகொள்ளத்தான். சங்கத்தில் எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே தோர்கில்தான். பர்ஸில் தேடினேன். நடுவில் ஓட்டை போட்ட ஒரு குரோன், பளபளவென்று அந்த வருடத்தது. அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில் போட்டேன். பாட்டிலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, டேலியாப் பூ வைத்துக்கொண்டேன்.

மூட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மண் ஒன்றிரண்டு முறை அசைந்தது. புது மண் அப்படித்தான் அடங்கும். அவன் சைக்கிளைக் கடற்கழி ஓரத்தில் சாய்த்துவிட்டு வந்தேன். நீந்தப் போய் மூழ்கிவிட்டான் என்று ஊரே அழுதது. நானும் அழுதேன். சங்கத் தலைவி ஆனேன். மேடும் பதிவாயிற்று. வருடா வருடம் அங்கேதான் எங்கள் சுற்றுலா. அவன் நினைவாக ஒரு பாட்டும் பாடுவோம்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஞாயிறுக்கு முன்னால் அது வெறும் குப்பை. அதற்கப்புறம் அது புதைமேடு இல்லை என்று எவராவது சொல்ல முடியுமா?

நாணயம் போட்டதுதான் தப்பு என்கிறீர்கள். சாதாரணக் கொலைகாரன் போடமாட்டான், சங்கத்துக்காரர்தான் போடுவார் என்று ரிக்கே உடனே சொல்லிவிட்டாளாம். கெட்டிக்காரி. ஆனால் போடாமல் எப்படி மூடுவது? பின்னால் வருகிறவர்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அதைச் சரியாக எங்கே போட்டேன் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். பூட்ஸுக்குப் பக்கத்தில். நிச்சயமாக.

எலும்பு விரல்கள் மடங்கி, அவன் வலது கைப்பிடிக்குள் இருந்ததா?

தோர்கில் எப்போதும் அப்படித்தான், இன்ஸ்பெக்டர். நான் ஒரு பொருளை வைத்தால், வைத்த இடத்தில் இருக்க விடவே மாட்டான்.