தேறாத ஹீட்டர்

பரிசு என்றால் வீட்டில் உபயோகப்பட வேண்டும் என்று நினைக்கிறவள் நான், ஐயா. அலமாரியில் உட்கார்ந்து தூசி வாங்குகிற பொம்மைகளை யாருக்கும் கொடுத்ததில்லை.

எங்கள் தொழிற்சாலையில் செய்வது குளிருக்கு அறையைச் சூடாக்கும் சின்ன மின்சார ஹீட்டர்கள். பத்தொன்பது வருடமாகச் சோதனை மேஜை என்னுடையது. ஒவ்வொன்றையும் செருகி ஓடவிடுவேன். பிறகு அதன் முகத்தைத் தகட்டால் மூடிவிட்டு, சூடு மிஞ்சும்போது தானாக அணைகிறதா என்று பார்ப்பேன். அணைந்தால் பச்சைப் பொட்டு, அணையாவிட்டால் சிவப்பு. சிவப்பு வாங்கியவை மூலையிலிருக்கும் கம்பிக் கூண்டுக்குள் போகும். மாதக் கடைசியில் அவற்றை உடைத்துவிடுவார்கள்.

எங்கள் பிரிவில் பன்னிரண்டு பேர். வருடக் கடைசி விடுமுறைக்கு முந்தின நாள் ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்போம். அதற்கு ஒரு மாதம் முன்பே சூப்பர்வைசர் பெயர்களைச் சீட்டில் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்குவார். எடுத்த பெயரை வெளியே சொல்லக் கூடாது. பரிசைப் பிரிக்கும்போது கொடுத்தவர் எழுந்து நின்று வாழ்த்த வேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். எங்கள் விரலுக்கு அந்தச் சின்ன வீக்கமே வலிக்கும். அதனால் போன வருடம் வந்த பரிசைத் துடைத்து, புதுக் காகிதம் சுற்றி, இந்த வருடம் இன்னொருவர் தலையில் கட்டுவது எங்களுக்குள் சகஜம். ஒரு நீலப் பூச்சாடி அப்படியே நாலு வருடம் சுற்றியது. ‘ஊர்சுற்றி’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டோம். ஐந்தாவது வருடம் அது முதலில் வாங்கியவரிடமே வந்து சேர்ந்தது. “வாடி மகளே, புகுந்த வீடெல்லாம் பாத்து முடிச்சியா?” என்று அவர் அதைக் கட்டிக்கொண்டார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அதில் தப்பிருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. கொடுக்கிற மனசுதான் பரிசு.

போன வருடம் எனக்கு ஸ்டோர்காரர் பெயர் வந்தது. உதிரி பாகங்களை எண்ணிக் கொடுக்கிறவர், நல்ல மனிதர். அந்த மாதம் என் கணவர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் வேறு. வெறுங்கையோடு எப்படி எழுந்து நிற்பது என்று கடவுளிடம் கேட்டேன். மறுநாள் அந்தக் கூண்டைக் கடந்து போகும்போது வழி தெரிந்தது. பார்க்கப் புத்தம் புதிதாக ஒரு வெள்ளை ஹீட்டர். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும் சிவப்புப் பொட்டு போய்விட்டது. கைப்பிடிக்குக் கீழே ரோஜா நிறத்தில் லேசாக ஒரு கறை மட்டும் நின்றது. பதிவேட்டில் ‘உடைத்தாயிற்று’ என்று எழுதினேன்.

யோசிக்காமல் செய்ததாக நினைக்காதீர்கள். ஸ்டோர்காரருக்குச் சூட்டு உடம்பு. நாங்கள் போர்த்திக்கொண்டு நடுங்கும்போது அவர் ஃபேன் போட்டுக்கொள்வார். இதை அவர் தொடவே மாட்டார் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அன்று சரக்குக் கணக்கெடுப்பு என்று அவர் பரிசு பிரிக்கும் இடத்துக்கு வரவில்லை; ஸ்டோரில் அவர் தனியாக இருந்தபோது போய்க் கையில் கொடுத்தேன்.

“எனக்குப் போயி ஹீட்டரா? நானே ஒரு ஹீட்டர் அக்கா” என்று சிரித்தார்.

ஊழியர் விலையில் வாங்கினேன் என்றேன். ஊர்சுற்றி எனக்கு மறந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். மறக்கவில்லை. நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருடம் ஸ்டோர்காரருக்கு வந்த சீட்டு, பெட்டி கட்டும் பிரிவிலிருந்து எங்களிடம் வந்த பெண்ணுடையது. ஓயாமல் பேசுவாள் என்பதால் நாங்கள் அவளைக் குருவி என்போம். வாடகைக்கு ஒற்றை அறை. தண்ணீர் கசிகிற சுவர். கணவர் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை.

காகிதத்தைப் பிரித்ததும் குருவிக்கு வார்த்தை வரவில்லை. அதுவே அதிசயம்.

சூப்பர்வைசர்தான் வம்புக்கு இழுத்தார். “ஏன்யா, கொல்லன் தெருவுல ஊசி விக்கிறியா? நாம செய்யறதையே நமக்குக் குடுக்கறே?”

“செய்யறோம் சார், நம்ம வீட்டுல யாருகிட்ட இருக்கு? கை நிறைய மாவு, சாப்பிட ஒரு வாய் கிடையாது” என்றார் ஸ்டோர்காரர்.

எல்லாரும் கை தட்டினார்கள். குருவி அந்த ஹீட்டரை மடியில் வைத்துக் குழந்தையைத் தடவுவது போல் தடவினாள். “இனிமே என் பாப்பா மூக்கு ஒழுகாது” என்றாள். அவள் கட்டைவிரல் போய் நின்ற இடத்தில் அந்த ரோஜா நிறக் கறை இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் நினைத்தேன். சொன்னால் ஸ்டோர்காரர் பழைய பரிசைத் தள்ளிவிட்டார் என்று ஆகும். அத்தனை பேர் முன்னால் குருவியின் கையிலிருந்து அதைப் பிடுங்க வேண்டும். என் வேலை போகும், ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது. மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைகுனிவு. பிறர் முகம் வாடும்படி ஒரு சொல் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஆகவே நானும் கை தட்டினேன். பிறகு எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தேன். குருவிக்குப் பெரிய துண்டு.

மூன்றாம் நாள், விடுமுறையில், செய்தி வந்தது. முற்பகல் நேரம். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, துவைத்த துணிகளோடு குருவி மாடிக்குப் போயிருக்கிறாள். கட்டில் விளிம்பிலிருந்த போர்வை சரிந்து ஹீட்டரின் முகத்தை மூடியிருக்கிறது. என் மேஜையில் நான் தகட்டால் மூடுவது இதற்காகத்தான். அணைய வேண்டிய நேரத்தில் அது அணையவில்லை. புகையைப் பார்த்து அவள் இறங்கி வந்தபோது கதவைத் தொட முடியவில்லையாம்.

வீடு வீடாகப் போய் உதவிப் பணம் திரட்டியது நான்தான். குருவியின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, கட்டுப் போட்ட அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு வாய் கஞ்சி குடிக்க வைத்தேன். என் கையால் கொடுத்தால்தான் குடித்தாள். இப்போது அவள் பேசுவதில்லை.

நீங்கள் ஸ்டோர்காரரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். நேற்று அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தாள்.

“யாரு குடுத்ததுன்னு சொல்லிடுங்கன்னு காலைப் பிடிச்சுக் கெஞ்சிட்டேன் அக்கா. ஒரு குடும்பத்துச் சோத்துல மண்ணள்ளிப் போட மாட்டேன்னு ஒரே பிடிவாதம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அழுகிறவளை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது. தெரியாது என்றேன். வழியில் பத்திரமாகப் போகச் சொன்னேன். இன்று காலை குளித்து, பிரார்த்தனை முடித்து, கணவருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமல் நானே இங்கே வந்திருக்கிறேன். ஸ்டோர்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஹீட்டரின் அடியில் எண் இருக்கும், என் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிக்கொண்டால் கணக்கு முழுதாகும்.

பரிசு கொடுத்த அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் நானும் குருவியும் மட்டும் நின்றோம். அவள் அந்தப் பெட்டியை இடுப்பில் இடுக்கியிருந்தாள்.

“அக்கா, வீட்டுல ஒரே ஈரம். பாப்பா துணி காயவே மாட்டேங்குது. அவ தூங்கறப்ப இதைப் போட்டுவிட்டுட்டு நான் மாடிக்குப் போயிட்டு வரலாமா? ஒரு அரை மணி நேரம்தான். நீங்கதானே சோதிச்சு அனுப்பறவங்க, உங்க வாயால கேட்டா எனக்கு நிம்மதி.”

நான் ஒன்றும் சொல்வதற்குள் அவளே கேட்டாள்.

“சூடு அதிகமானா தானா அணைஞ்சிடும்ல?”

அவளுடைய பஸ் வந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்த முகம், ஐயா. ஆனாலும் அவ்வளவு சந்தோஷம் அதில்.

“அணைஞ்சிடும்மா. நீ பயப்படாம போட்டுட்டுப் போ” என்றேன்.

ஒரு தாய் நிம்மதி கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்று அவளுக்குக் கொடுக்க என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.