கிளவுடுக்கு வைக்காத பச்சைப் பொட்டலம்

இந்த ஊலாங் டீ நன்றாக இருக்கிறது, லாய் சார். விசாரணைக்குக் கூப்பிட்டவனுக்கு டீ கொடுக்கிற முதலாளி தைபேயில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நான் சேர்ந்த நாளிலிருந்து நம் சர்வர் அடங்கி ஓட வேண்டுமென்று, இந்த ஊர் வழக்கப்படி அதன் மேல் தேங்காய்ச் சுவை நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்றை வைப்பது என் பொறுப்பு. பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மெஷின் முரண்டு பிடிக்கும். தேதி முடிந்திருக்கக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னக் கூடாது.

லியாவ் அம்மாவின் மூன்கேக் கடைத் தளத்தை கிளவுடுக்கு மாற்றியது நம் ஆபீஸின் இளம் பெண் பெய்ஷான். நிலாத் திருவிழா ஆர்டர்கள் மறுநாள் தொடங்க வேண்டும். www போட்டால் கடை திறந்தது. அது இல்லாமல் தளத்தின் வெறும் பெயரைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை. வெறும் பெயரையும் கிளவுடுக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. முதலில் பொட்டலம் எங்கே என்று கேட்டேன்.

"மெஷினே இங்க இல்லையே, ஸெங் அண்ணே. கிளவுட்ல எங்க போய் வெப்பீங்க? ஏணி கொண்டாரவா?"

பெய்ஷான் இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான், சார். எனக்கு வலித்தது. அவள் திருப்பிவிட்டாள், உடனே கடை திறந்தது. பொட்டலமே இல்லாமல் ஒரு தளம் ஒழுங்காக ஓடினால், இந்தப் பிள்ளைகள் நாளைக்கு எதைத்தான் மதிப்பார்கள்?

ஆகவே அவள் சாப்பிடப் போன நேரத்தில், வெறும் பெயரை எதிர்க்கடையின் தளத்துக்குத் திருப்பிவிட்டேன். ஒரு வரிதான். மறுநாள் லியாவ் அம்மாவின் வாடிக்கையாளர்கள் மளமளவென்று எதிர்க்கடையில் வாங்கினார்கள். லியாவ் அம்மாவே கவனிக்காமல் தன் தங்கைக்கு அங்கே இரண்டு பெட்டி சொல்லிவிட்டார்.

பெய்ஷானை வேலையை விட்டு அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

"நீங்க அப்பவே சொன்னீங்க அண்ணே. நான்தான் திமிரா பேசிட்டேன்."

என் கண்ணும் கலங்கிவிட்டது. நானே கூட்டிப்போய்ப் பச்சைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். ரவுட்டர் மேல் வைத்துக் கும்பிட்டாள். அவள் கண்ணை மூடியிருந்தபோது அந்த வரியைச் சரிசெய்தேன். தளம் பழையபடி ஓடத் தொடங்கியது. பொட்டலத்தின் மகிமையை நீங்களே பார்த்தீர்கள்.

இரண்டு மாற்றமும் என் கணக்கிலிருந்து போயிருப்பதாகச் சொல்கிறீர்கள். உண்மைதான், நான்தான் செய்தேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சார். அன்றைக்கு அங்கே ஒரு பச்சைப் பொட்டலம் இருந்திருந்தால், என் கை அந்தக் காரியத்துக்குப் போயிருக்குமா?