போட்டிக் கடைக்கு ஒரு கையெழுத்து

அவைத்தலைவர் ஞானசேகரன் அவர்களே, கடலூரிலிருந்து புழுதியையும் புழுக்கத்தையும் பொருட்படுத்தாமல் வந்து குழுமியிருக்கும் தொழில் தோழர்களே, அடுப்பின் அனலில் நின்று ஊரின் பசியை ஆற்றும் சமையற்கலை வல்லவர்களே, இலை போட்டு இன்முகம் காட்டிப் பரிமாறும் சகோதரர்களே, விடியும் முன்னே பால்குடம் சுமந்து வந்து எங்கள் வியாபாரத்தைத் தொடங்கி வைக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் சிதம்பரம் ராமாமிர்தத்தின் பணிவான வணக்கம்.

சற்று முன்னே நண்பர் பழனிவேல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ரயிலடித் தெருவில் இனிமேல் புதிய ஓட்டல் எதற்கும் லைசென்ஸ் தரக்கூடாது என்று நகரசபையைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம். அதை வழிமொழியத்தான் என்னை மேடைக்கு அழைத்தார்கள். மன்னிக்க வேண்டும். நான் அதை வழிமறிக்க வந்திருக்கிறேன்.

பின்வரிசையில் முணுமுணுக்கிறீர்கள். தாராளமாக முணுமுணுங்கள், நான் முடித்த பிறகும் முணுமுணுக்கத் தோன்றினால், அப்போது நானும் உங்களோடு வந்து உட்கார்ந்து கொள்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், அறுபத்தொன்றாம் ஆண்டில், அந்தத் தெருவில் என் ஓட்டல் ஒன்றுதான். நான் கதவைத் திறந்தால்தான் தெருவுக்குக் காபி. சட்னி புளித்திருந்ததா? சாப்பிட்டார்கள். காபி ஆறியிருந்ததா? குடித்தார்கள். கரி படிந்த சுவரைக் காட்டி யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் போக வேறு கடை ஏது? அதை நான் என் கைத்திறமை என்று எண்ணிக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

அப்போது வந்தார் ரஃபியுதீன். கடலூர் முதுநகரில், துறைமுகத்துச் சுமையாட்களுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்துத் தொழில் கற்றவர். என் கடைக்கு நேர் எதிரே கடை போட்டார். வெள்ளை ஓடு பதித்த சுவர். தலைக்கு மேலே சுழலும் விசிறி. காலை நாலு மணி ரயிலில் இறங்குபவருக்கு ஆவி பறக்கும் தேநீர். நானோ ஆறு மணிக்குத்தான் கதவைத் திறப்பேன். கல்லூரி மாணவர்கள் தெருவைக் கடந்தார்கள். கோர்ட்டுக் கச்சேரி குமாஸ்தாக்கள் கடந்தார்கள். மூன்று மாதம், ஐயா, மூன்று மாதம், என் பெஞ்சுகளில் ஈக்கள்தான் உட்கார்ந்திருந்தன.

பயந்தவன் என்ன செய்வான்? நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். புவனகிரிப் பக்கத்திலிருந்து ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பால் கொண்டுவரும் பட்டம்மாள், எனக்கும் ஊற்றினார், ரஃபியுதீனுக்கும் ஊற்றினார். அவரை அழைத்தேன்.

"பட்டம்மா, எதிர்க்கடைக்கு இனிமே பால் ஊத்தாத. ஒன்கூட வர்றவங்ககிட்டயும் சொல்லிடு."

குடத்தை இறக்கி வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஊத்தலன்னா அவுரு கடைய மூடிட்டுப் போயிடுவாரு. அப்பறம் நீங்க ஒருத்தருதான், மொதலாளி. தண்ணிப் பாலுன்னு நீங்க சொன்னா அது தண்ணிப் பாலுதான். போன வருசம் ஒருநா வேணாம்னு திருப்பி அனுப்பிச்சீங்களே, அன்னிக்கி நெறகொடத்தோட ஊருக்கு நடந்தேன் பாருங்க, அந்த நட எனக்குத்தான் தெரியும். எனக்கு ரெண்டு கடையும் வேணும்."

சொன்னார், குடத்தைத் தூக்கினார், தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

எந்தக் கல்லூரியில் படித்தார் பட்டம்மாள்? எந்தப் பொருளாதார நூலைப் புரட்டினார்? போட்டி என்றால் எதிர்க்கடைக்காரன் ஒருவன்தான் என்று நான் நினைத்திருந்தேன். பால் தருபவருக்கு ஒரு பலம் உண்டு என்று அன்று கண்டேன். இலை முன்னே உட்காருபவருக்கு ஒரு பலம் உண்டு என்று கண்டேன். வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு ரயிலேறும் பயணியின் பொட்டலமும் என் போட்டிதான். நாளைக்கு வரப்போகும், இன்னும் பெயர் தெரியாத கடையும் என் போட்டிதான். இத்தனை பக்கமும் திறந்து கிடக்கும் தொழிலில், ஒரு பக்கத்துக் கதவை மட்டும் பூட்டிவிட்டுத் தூங்கப் பார்த்தேனே, என் அறியாமையை என்ன சொல்ல?

மறுநாள் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன். மூன்றரை மணிக்கே அடுப்பு மூட்டினேன். அவர் விசிறிக்குப் பதிலாக நான் சன்னலை அகலமாக்கினேன். நான் சாம்பாரில் புதுமை செய்தால் அவர் சால்னாவில் செய்தார். போன வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள், கூடப் புதியவர்களையும் கூட்டி வந்தார்கள். சீர்காழிக்குப் போகும் பஸ் எங்கள் தெருவில் நிற்கத் தொடங்கியது. "சிதம்பரத்துல எறங்கி சாப்ட்டுப் போலாம்" என்று பயணிகள் பேசிக்கொண்டார்கள். சிதம்பரத்தில், ஐயா, நம் சிதம்பரத்தில். அந்தச் சொல்லைக் காதால் கேட்ட காலையில் என் நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த நெஞ்சில் ஒரு முள்ளும் இருந்தது. ஒருநாள் தெருவைக் கடந்து ரஃபியுதீனிடம் போய், பாலை நிறுத்தப் பார்த்தவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் மாமா. அன்னிக்கே பட்டம்மா சொல்லிட்டாங்க" என்றார்.

"கோவம் வரலியா?"

"ஜாஸ்தியா வந்திச்சு. அந்தக் கோவத்துலதான் மறுநாளே டீத்தூள மாத்தினேன்."

சிரிக்கிறீர்கள். மூன்றாம் வரிசையில் ரஃபியுதீனும் சிரிக்கிறார். நான் வஞ்சம் நினைத்தேன். அவர் என் வஞ்சத்தை வாங்கி நல்ல தேநீராக்கி ஊருக்குக் கொடுத்தார்.

ஓட்டலுக்கு மட்டுமா இது? காடாம்புலியூர்ப் பலாவை ஒரே வியாபாரி வாங்கிய காலத்தில், சுளை தித்தித்தாலும் விலை கசந்தது. நாலு வியாபாரிகள் வந்து நின்றபின், எந்த மரத்துப் பழத்துக்கு என்ன விலை என்று விவசாயி நிமிர்ந்து நின்று பேசுகிறார். துணிக்கடை, அச்சகம், முந்திரிக் கொட்டகை, எதை வேண்டுமானாலும் பாருங்கள். வருபவருக்கு வழிவிட்ட தொழில் வளர்ந்திருக்கிறது.

இனி நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் தலைமைச் சமையல்காரர் சுப்புராயன். பதினாறு ஆண்டுகள் என் அடுப்படியை ஆண்டவர். என் கடையின் ருசி என்று நீங்கள் புகழ்வதெல்லாம் அவர் கை ருசி. நேற்று மதியம் கூட்டம் ஓய்ந்தபின் வந்து நின்றார்.

"அய்யா, பக்கத்துக் கட்டடம் காலியா இருக்கு. சொந்தமா ஒரு கடை போடலாம்னு நெனைக்கிறேன். ஒங்களுக்கு வருத்தம்னா வுட்டுடறேன்."

வருத்தம் இல்லாமலா? என் பலமெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போகிறதே. பிறகு அவர் கையைப் பார்த்தேன். பதினாறு ஆண்டு எண்ணெய் தெறித்த தழும்புகள். அந்தக் கைக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டாமா? என் கடையில் வளர்ந்தவர் எனக்கே போட்டியாக நிற்கிறார் என்றால், அதைவிட எனக்கு என்ன பெருமை வேண்டும்? "மனுவக் கொண்டாங்க சுப்புராயன்" என்றேன். லைசென்ஸ் கேட்கும் அந்த மனுவில், ஆட்சேபம் இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தீர்மானம் நிறைவேறினால் முதலில் மூடப்படுவது அவருடைய கதவு. மூடுவீர்களா?

இதோ, பழனிவேல் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள்.

"தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கறேன், ராமாமிர்தம். ஆனா நாளைக்கி என் கடைக்குப் பக்கத்துல ஒருத்தன் வந்தா என்ன பண்றதுன்னு பயமாத்தான் இருக்கு."

பயப்படுங்கள், பழனிவேல். நானும் இன்று பயந்துகொண்டுதான் நிற்கிறேன். தென்னாற்காட்டுக்காரன் பயந்தால் மறுநாள் காலையில் இன்னும் நல்ல காபி போடுவான்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், முணுமுணுத்துவிட்டுக் கைதட்டிய பின்வரிசைக்கும், இடம் தந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.