சயா சூசைராஜ் திருத்தி எழுதிய தீர்ப்பு

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நம் நாணயச் சேகரிப்பாளர் மன்றத் தலைவி ஜைனப் அம்மையார் அவர்களே, அலோனிலிருந்தும் மிங்கலாடோனிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் உறவுகளே! மன்றச் செயலாளர் முரளிதரன் பேசுகிறேன். நம் சூசைராஜுக்கு அஞ்சலி செலுத்தும் கூட்டம், அழ வேண்டிய இடம் இது. ஆனாலும் எனக்கு இன்று மனம் லேசாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள், ஷைலா அக்கா. மறைந்த உங்கள் கணவருக்கும் கடைசியில் அப்படித்தான் இருந்தது.

நாணயப் பரிசோதகர், பர்மியரும் நாமும் 'சயா' என்று வாய் நிறைய அழைத்த ஆசான் சூசைராஜ், ஒரு தவறும் செய்யாதவர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். செய்தார்! ஒன்றே ஒன்று. பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, பசுந்தாங் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பொன்னுத்துரை அண்ணன் ஒரு ஸ்பானிய வெள்ளிக்காசை இந்த மன்றத்துக்குக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த அவர் முன்னோருக்குக் கப்பல் சமையற்காரர் ஒருவர் கொடுத்த காசு. நடுவில் ஒரு கரீபியன் தீவின் முத்திரை. அந்தத் தீவுகளில் அக்காலத்தில் காசுக்குப் பஞ்சம். கையில் வந்த அயல்நாட்டுக் காசில் தங்கள் முத்திரையைக் குத்திச் செலாவணியாக்கினார்கள். இன்று அந்த முத்திரைக்குத்தான் மதிப்பு. அதனால் நல்ல காசில் கள்ள முத்திரை குத்துகிறவர்களும் உண்டு.

சயா பூதக்கண்ணாடியில் பார்த்தார். பழைய முத்திரையென்றால் பள்ளத்தில் கறுப்பு படிந்திருக்கும்; இதில் அது இல்லை, பளபளவென்று இருந்தது. "முத்திரை போலி" என்று எழுதினார். அதை எல்லார் முன்னிலையிலும் வாசித்தேன். அப்புறம் கேட்க வேண்டுமா? பட்டறைக்காரர்தானே, அவரே குத்தியிருப்பார் என்று ஊரே பேசியது. அண்ணன் இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

சென்ற ஆயுதபூசையன்று சயா என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி பூசைத் தட்டையும் அதிலிருந்த வெள்ளிக்காசையும் விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"காசையுமா தேய்ப்பீங்க?"

"வருசா வருசம் தேய்ப்போம் சயா."

"நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன், எனக்குத் தெரியாதுப்பா. ஒனக்குத் தெரியுமே! அன்னைக்கு ஏன் சொல்லல?"

பிறந்ததிலிருந்து பார்க்கிற காரியம், அன்றைக்கு நினைவுக்கே வரவில்லையே!

அன்று மாலையே, இதய நோயாளி, பொன்னுத்துரை அண்ணன் வீட்டுக்கு நான்கு மாடி ஏறினார். அங்கேயும் காசு பூசைத் தட்டில்தான் இருந்தது. கேட்டு வாங்கிவந்து மூன்று மாதம் ஆராய்ந்தார். அருங்காட்சியகங்களுக்குக் கடிதம் எழுதி, அதே முத்திரையுள்ள மெய்க்காசுகளின் படங்களை வரவழைத்தார். முத்திரை அச்சின் ஓரத்தில் இருந்த சின்ன உடைசல், அந்தப் படங்களிலும் இந்தக் காசிலும் அதே இடத்தில் இருந்தது!

அதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. புதிய தீர்ப்பை எழுதி முடிப்பாரா என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். முடித்தார்! போன வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டார். பொன்னுத்துரை அண்ணனும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்.

"எட்டு வருசமா ஒங்களத்தான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேன் சயா. இனிமே யாரத் திட்டுறது?" என்றார்.

சயா சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். "இவன் இருக்கான்ல!"

ஏற்றுக்கொள்கிறேன், அண்ணே! திட்டையும் ஏற்கிறேன், சயாவின் பணியையும் ஏற்கிறேன். இனி இந்த மன்றத்தில் எந்தக் காசுக்கும் தீர்ப்பு எழுதுமுன், அது இருந்த வீட்டுக்குப் போய், எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்போம். இது சயா மீது ஆணை.

"எல்லார் முன்னாடியும்தான் போலின்னு படிச்ச. இதையும் எல்லார் முன்னாடியும் படி" என்று சயா என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடைசி வரிசையில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள், அண்ணே? எழுந்து நில்லுங்கள். படிக்கிறேன்.

"முன்பு நான் எழுதியது தவறு. காசு மெய். முத்திரையும் மெய். பொன்னுத்துரை மீது எந்தக் குற்றமும் இல்லை. இப்படிக்கு, சூசைராஜ்."