பெயர் சுரண்டிய வால்வு

மேடையில் இருக்கும் அறிவியல் பூங்கா இயக்குநர் அவர்களே, தூரான் வஃபாயி அவர்களின் கணவர் ஹேதாயத் ஐயா அவர்களே, இரங்கல் கூட்டத்து அல்வாவைக் கையில் வாங்கியும் உண்ண மனமின்றி அமர்ந்திருக்கும் யஸ்து நகரப் பொறியாளர்களே, உங்கள் அனைவருக்கும் சலாம்.

என் பெயர் பூபக். பதினோராம் வகுப்பு மாணவி. குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சுக் கருவி செய்யும் சிமீன்தொக்த்தின் மகள்.

கருவியின் பாகங்களைச் சொந்தமாகச் செய்யும் நிறுவனத்தை அறிவுசார் நிறுவனம் என்று நம் ஈரான் அரசு சான்றளித்தால் வரிச்சலுகை உண்டு. இளம் பொறியாளர்கள் கட்டாயப் பட்டாளத்துக்குப் போகாமல், அந்தக் காலத்தை நிறுவனத்திலேயே வேலை செய்து கழிக்கலாம். நல்ல சட்டம். ஆனால் சட்டம் தாளில் இருந்தது. ஸ்குரூடிரைவரோடு அதை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் யார்? மதிப்பீட்டாளர் தூரான் வஃபாயி அம்மையார், எங்கள் தூரான் கானும்.

அன்று அம்மா உபசரித்தார்.

"முதல்ல டீ குடிங்க கானும். இனிப்பும் சூடா இருக்கு."

"பெட்டியத் திறந்தப்புறம் பாத்துக்கலாம். இனிப்பு தின்ன வாயால எனக்குக் குத்தம் சொல்ல வராது."

மூச்சுக் கருவியின் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு வால்வைத் தடவிப் பார்த்தார்.

"சிமீன் கண்ணு, இது யாரு செஞ்சது?"

"நாங்கதான்."

"அப்ப எதுக்குப் பேரச் சுரண்டியிருக்க? உன் பேரு அவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு?"

அது வெளிநாட்டு வால்வு. நாங்கள் செய்த மூன்றும் கசிந்தன. சான்றிதழ் வராவிட்டால் எங்கள் பொறியாளர்கள் பெட்ராமும் கியாராஷும் பட்டாளத்துக்குப் போக வேண்டும். அந்தப் பயத்தில் அம்மா செய்த தவறு அது.

தூரான் கானும் எங்களை ஊரறியத் திட்டினாரா? இல்லை. சும்மா விட்டுவிட்டாரா? அதுவும் இல்லை.

"ஒரு மாசம் தர்றேன். நீங்க செஞ்சதக் கொண்டாங்க. கசிஞ்சா என்ன, எங்க கசியுதுன்னு சேர்ந்து தேடுவோம்."

நான்கு வெள்ளிக்கிழமைகள் வந்தார். தரையில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் வால்வை அமுக்கிக் குமிழி எண்ணினார். ஹேதாயத் ஐயா, உங்கள் விடுமுறை நாட்களை நாங்கள் எடுத்துக்கொண்டோம். மன்னியுங்கள். கடந்த செவ்வாயன்று அவர் இதயம் நின்றுவிட்டது. எங்கள் வால்வோ இன்னும் கசிகிறது.

இயக்குநர் அவர்களே, நேற்று நீங்கள் அன்போடு தொலைபேசினீர்கள். "அவங்க நினைவா உங்க சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றீர்கள். அம்மா அழுதார். காலையில் என்னிடம், "நீ சொல்லிடு பூபக், எனக்குக் குரல் வராது" என்றார்.

அந்தக் கையெழுத்து வேண்டாம் ஐயா. வால்வு எங்களுடையது அல்ல என்பது அவருக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். கசிவை அடைத்த பிறகே மறுபடி விண்ணப்பிப்போம். இது அவருக்கு நாங்கள் தரும் வாக்கு.

பெட்ராமும் கியாராஷும் அடுத்த வாரம் பட்டாளத்துக்குக் கிளம்புகிறார்கள். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் பேச வந்தேன்.